சுருண்டுபோகும் கேலக்ஸி வளைவு: யாராவது வழி சொல்லுங்களேன்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக, ஓரம் அப்பளம் மாதிரி வளைந்த கேலக்ஸி வட்டு ஒன்றைப் பைத்தான் நிரலில் கணினி மாதிரியாக ஓட்டுகிறேன்: வட்டுக்குப் பதிலாகச் சாய்ந்த வளையங்கள் 40, அவற்றைச் சுற்றி சற்றே தட்டையான இருண்ட பொருள் ஹாலோ (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்க்கும் பொருளாலான உறை). உள் வளையங்கள் (சாயும் பம்பரத்தின் அச்சு போல) வேகமாகத் தலையாட்ட, வெளியே உள்ளவை பின்தங்க, 200 கோடி ஆண்டுகளுக்குள் வளைவு சுருண்டு குலைகிறது. நிஜத்தில் நம் பால்வீதி உட்பட ஏராளமான வட்டுகள் வளைந்துதானே இருக்கின்றன!

காலப்படியை (கணக்கு ஒவ்வொரு அடியிலும் தாவும் நேரத்தை) குறைத்தேன், அதே கதை. ஹாலோவை முழுக் கோளமாக்கினால் வளைவு நிற்கிறது. ஆனால் தலையாட்டமே இல்லை, அது ஏமாற்று வேலை. சரி என்று வளையங்களுக்கிடையே ஈர்ப்பைச் சேர்த்தேன். பக்கத்து வளையங்கள் நெருங்கியதும் விசை எகிறி எல்லாம் சிதறுகிறது.

மிக நெருக்கத்தில் விசை எகிறாதபடி ஈர்ப்பை மென்மையாக்கும் நீளத்தை வளைய இடைவெளியில் எத்தனை மடங்கு வைக்கலாம்?