சின்ன பட்ஜெட் படம், 20 நாள் ஷூட்டிங்: இயக்குநர் தாக்குப்பிடிக்க என்ன செய்யணும்?

இயக்குநர்:
90 பக்க ஸ்கிரிப்டை 20 நாள்ல முடிக்கணும்னா தினமும் நாலரைப் பக்கம் எடுக்கணும். காலையில 6 மணி கால்ஷீட், சாயங்காலம் 6 மணிக்கு பேக்கப். மத்தவங்களுக்கு அதோட நாள் முடியும். இயக்குநர் ஃபுட்டேஜ் பார்த்து, மறுநாள் ஷாட் பிரிச்சு, ஷூட்டிங் நடக்கிற வீட்டு ஓனரைச் சமாதானப்படுத்திப் படுக்க 11 ஆகிடும். 4.30க்கு எழுந்திரிக்கணும். இப்படியே ஒரு வாரம் போனா முதல்ல மழுங்குறது முடிவெடுக்கிற புத்திதான். சாயங்காலம் 5.30க்கு வெயில் சரியும். யூனிட் ஆள் தெர்மாகோலைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு மிச்ச வெளிச்சத்தை நடிகர் முகத்துல தள்ளிட்டிருப்பார். "சார், பத்து நிமிஷம்தான்"னு கேமராமேன் குரல் கொடுப்பார். அந்த நேரத்துல சொல்ற "ஓகே"யில பாதி எடிட்டிங்ல கைவிட்டுடும்.

அதனால கனமான நடிப்புக் காட்சியை மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே வைங்க. நடந்து வர்றது, கதவைத் திறக்கிறதெல்லாம் 3 மணிக்கு மேல. ஷாட் லிஸ்ட்ல ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "கட்டாயம்", "முடிஞ்சா"ன்னு முந்தின ராத்திரியே குறிச்சிடுங்க. இன்னொண்ணு, காரணம் சொல்லாம "ஒன் மோர்"னு இன்னொரு டேக் கேக்காதீங்க. நாலாவது டேக்ல நடிகருக்குத் தன் மேலயே சந்தேகம் வந்துடும்.

அசோசியேட் இயக்குநர்:
சார் சொன்னதோட உடம்பு விஷயமும் சேர்த்துக்கலாம். மூணாம் நாளே தொண்டை கட்டிக்கிறது கத்துறதாலதான். வாக்கி டாக்கி வாடகைக்கு எடுத்துட்டு, சத்தம் போடுற வேலையை எங்ககிட்ட விட்டுடுங்க. வெயில்ல நீர்ச்சத்து குறையாம இருக்கக் குடிக்கிற ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைப் பொடி பெரிய பாக்கெட்னா ஒரு லிட்டர் தண்ணியில முழுசா கரைக்கணும். டம்ளர்ல கொட்டிக் குடிச்சா உப்பு மிஞ்சி இன்னும் கெடுதல். மதியம் சாக்ஸ் மாத்துங்க, சாயங்காலம் கால் எரியாது. நைட் ஷூட் முடிஞ்ச மறுநாள் பகல் கால்ஷீட் போடவே கூடாது. வண்டி ஓட்டுற டிரைவரும் தூங்காதவர்தான்.

பெண் இயக்குநர்:
கேரவன், அதாவது கழிப்பறையோட இருக்கிற ஓய்வு வண்டி, இல்லாத படத்துல பெண்கள் தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்குவாங்க. ஒரு வாரத்துல நீர்க்கடுப்பு, காய்ச்சல். லொகேஷன் பார்க்கப் போறப்பவே முதல் கேள்வி கழிப்பறையா இருக்கட்டும். பக்கத்துல ஒரு வீட்டைத் தனியா வாடகை பேசி, தண்ணி வசதி பார்த்து, சாவியை டீம்ல ஒரு பெண்கிட்ட கொடுங்க. இதைப் பட்ஜெட்ல எழுதாம விட்டா யாரும் செய்ய மாட்டாங்க.

எடிட்டர்:
பணம் தீர்ந்து பாதியில நிக்கிற படங்களுக்கு ஒண்ணு. சத்யஜித் ரேயோட முதல் படம் 'பதேர் பாஞ்சாலி' 1952ல ஷூட்டிங் ஆரம்பிச்சு 1955லதான் வெளியாச்சு. நாணல் பூக் காட்சியோட மிச்சத்தை எடுக்க ஒரு வாரம் கழிச்சுப் போனா, மாடுகள் பூவையெல்லாம் மேய்ஞ்சிருந்தது. அடுத்த பருவம் வரைக்கும் காத்திருந்தாங்க. ஆகவே ஷூட்டிங் நிக்கும்னு தெரிஞ்சா குழந்தைகள், பயிர், பூ சம்பந்தப்பட்டதை முதல்ல முடிங்க. மறுபடி எடுக்கிறப்ப எதுவும் மாறித் தெரியாம இருக்க, முடி, நகம், சட்டைப் பொத்தான் வரை போட்டோ எடுத்து, உடையைத் துவைக்காம சீன் நம்பரோட பையில கட்டி வைங்க. ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து ஓட்டிப் பார்க்காம மெமரி கார்டை அழிக்காதீங்க.

எடுத்த காட்சிகளை வரிசையா ஒட்டிப் பார்க்கிற முதல் ரஃப் கட் கண்டிப்பா நீளமா, மோசமாத்தான் இருக்கும். நிறைய இயக்குநர்கள் அங்கதான் துவண்டு போறாங்க. கடைசி நாளுக்கு அப்புறம் ஒரு வாரம் நல்லாத் தூங்கிட்டு வந்து பாருங்க. முதல் தடவை எங்கேயும் நிறுத்தாம முழுசா ஓட விடுங்க.