'அன்டில் மண்டே' என்றால் திங்களும் லீவா?

கேள்வி:
"ஆன் லீவ் அன்டில் மண்டே" என்று மெயில் போட்டால் திங்கட்கிழமை ஆள் இருப்பாரா, மாட்டாரா? தமிழில் "திங்கள் வரை லீவு" என்றால் திங்களும் சேர்த்திதானே? அப்படியே 'அன்டில்', 'பை' இரண்டில் எதை எங்கே போடுவது என்றும் சொல்லுங்கள்.

பதில் 1:
இந்த வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கிலேயர் பெரும்பாலும் திங்கள் காலையிலேயே உங்களைத் தேடுவார். லீவு, கடை அடைப்பு போன்றவற்றில் 'அன்டில்' அந்த நிலை முடியும் இடத்தைக் காட்டுகிறது. "குளோஸ்டு அன்டில் மண்டே" என்று பலகை தொங்கினால் திங்கள் கடை திறந்துவிடும். ஆனால் "சேல் அன்டில் சண்டே" என்றால் ஞாயிறும் தள்ளுபடி உண்டு! ஆக, சொல்லை மட்டும் நம்பிப் பயனில்லை. மெயிலில் "பேக் ஆன் டியூஸ்டே" என்று திரும்பும் நாளையே எழுதிவிடுங்கள். ஒப்பந்தம் என்றால், அந்த நாளும் சேர்த்தி என்று காட்ட "அப் டு அண்ட் இன்க்ளூடிங் மண்டே" என்று எழுதுங்கள். அமெரிக்கர்கள் "த்ரூ மண்டே" என்பார்கள், அதில் திங்கள் சேர்த்தி.

பதில் 2:
'பை' விஷயத்தில் தமிழே கைகொடுக்கும். 'வெள்ளிக்குள்' என்று வந்தால் 'பை', 'வெள்ளி வரைக்கும்' என்று வந்தால் 'அன்டில்'. ரிப்போர்ட் அனுப்புவது, பணம் கட்டுவதெல்லாம் ஒரே தடவையில் முடிகிற வேலை, அதற்கு 'பை'. காத்திருப்பதும் தங்குவதும் நீள்கிற வேலை, அதற்கு 'அன்டில்'. "ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே" தப்பு.

எதிர்மறையில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். "ஹி டிட் நாட் கம் அன்டில் டென்" சரியான ஆங்கிலம். இதை "பத்து வரை வரவில்லை" என்று மொழிபெயர்த்தால், அப்புறமாவது வந்தாரா என்ற கேள்வி தொங்கி நிற்கும். "பத்து மணிக்குத்தான் வந்தார்" என்பதே பொருள். 'நாட்... அன்டில்' வந்தால் 'தான்' போட்டுப் பாருங்கள்.

பதில் 3:
நம்மவர்கள் அதிகம் வழுக்குவது வேறிடத்தில். "பணம் கட்டாத வரை இணைப்பு கிடைக்காது" என்பதை அப்படியே மாற்றி "அன்டில் யூ டோன்ட் பே" என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் இரண்டு பக்கமும் எதிர்மறை வரும், ஆங்கிலத்தில் 'அன்டில்' பக்கம் வராது: "அன்டில் யூ பே". அதேபோல் வரப்போவதைச் சொன்னாலும் அங்கே 'வில்' கூடாது. "வெயிட் அன்டில் ஹி கம்ஸ்" என்பதே சரி.

கேட்டவர்:
தெளிவாகிவிட்டது, நன்றி. 'டில்' என்பது 'அன்டில்' சொல்லின் சுருக்கமா?

பதில் 1:
இல்லை, 'டில்' தான் பழைய சொல். 'அன்டில்' பிறகு வந்தது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. மிகவும் முறையான கடிதத்திலும் வாக்கியத் தொடக்கத்திலும் 'அன்டில்' எடுப்பாக இருக்கும். எழுத்துக்கூட்டலில் கவனம்: 'டில்' முடிவில் இரண்டு எல், 'அன்டில்' முடிவில் ஒன்றுதான். நம் அலுவலகங்களில் புழங்கும் 'டில் டேட்' வெளிநாட்டாருக்கு விநோதமாகப் படும், அவர்களுக்கு 'டு டேட்' அல்லது 'ஸோ ஃபார்' என்று எழுதுங்கள்.