டிப்பர் இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு, இதையே கட்டலாமா இல்ல பழைய இன்ஜின் வாங்கி மாத்திடலாமா?

ஓடி_டிப்பர்
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு கடலூர் ஓடி (ஓல்டு டவுன்), சொந்தமா ஒரே ஒரு பத்து வீல் டிப்பர், 2013 மாடல், ஆறு சிலிண்டர் டர்போ, பிஎஸ்3. நெய்வேலில இருந்து அரியலூர் சிமெண்ட் ஃபேக்டரிக்கு சாம்பல் லோடு ஓடிட்டு இருந்துச்சு. போன வாரம் ஆண்டிமடம் பக்கம் ரேடியேட்டர் கீழ் ஓஸ் கிழிஞ்சு தண்ணி மொத்தமும் ரோட்டுல போயிருக்கு. டிரைவர் மீட்டரை பாத்துட்டேதான் வந்தேன் முள்ளு ஏறவே இல்லன்னு சத்தியம் பண்றான், கடைசில டக்கு டக்குனு சத்தம் வந்து வண்டி தானா நின்னுடுச்சாம், அப்புறம் செல்ஃப் அடிச்சா அசையவே இல்ல.

செம்மண்டலத்துல மெக்கானிக் கழட்டி பாத்தாரு. மூணாவது பிஸ்டன் லைனரோட (பிஸ்டன் ஏறி எறங்குற குழாய்) ஒட்டிகிச்சு, ஹெட் கேஸ்கட் எரிஞ்சிருக்கு, அதே மூணாவது கான்ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற ராடு) பேரிங் சுத்திட்டு கிராங்க்ல அந்த எடம் மட்டும் நீலம் பாஞ்சு கெடக்கு. ஆயில் தேங்குற சம்புல விரல விட்டா மினுமினுனு பொடி.

மெக்கானிக் ஃபுல் வேலை ரெண்டு லட்சம் ஆகும், முன்ன பின்ன இருக்கும்ங்கறாரு. சென்னைல தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் ஓடின இன்ஜின், டர்போ பம்போட 1.40க்கு தரேன்ங்கறாரு. கம்பெனி ரீகண்டிஷன் இன்ஜின் நம்மளத குடுத்து மாத்திக்கிட்டாலும் மூணரைய தாண்டுது. ஓடுற நிலைல வித்தாலே வண்டி ஆறு ஆறரைதான் வரும். ரீஃபைனான்ஸ் டியூ வேற ஓடுது, வண்டி நின்னா வட்டி நிக்காதே. என்ன பண்ணலாம் சொல்லுங்க.

சங்ககிரி_லைன்
பழைய இன்ஜினே போடுங்க ப்ரோ. ரெண்டு மூணு நாள்ல ஏத்தி எறக்கி வண்டி ரோட்டுக்கு வந்துடும். கட்ட ஆரம்பிச்சா லேத்துல ஒரு வாரம், சாமான் வர ஒரு வாரம், மெக்கானிக் வீட்டு காதுகுத்துக்கு நாலு நாள். இன்ஷூரன்ஸ்காரன நம்பாதீங்க, மெக்கானிக்கல் ஃபெயிலியருக்கு சாதாரண பாலிசில காசு வராது.

லேத்_மேட்டுப்பாளையம்
பாண்டி மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினல் பக்கம் லேத் வச்சிருக்கேன், கிராங்க் கிரைண்டிங்தான் பொழப்பு, அதனால நான் கட்டுன்னுதான் சொல்லுவேன்னு நெனச்சுக்காதீங்க.

மொதல்ல டிரைவர் பையன திட்றத நிறுத்துங்க. டெம்பரேச்சர் சென்சார் தண்ணில முங்கி இருந்தாத்தான் சூட்ட சரியா காட்டும், தண்ணியே போயிட்டா அது காத்துல தொங்கும், இன்ஜின் வெந்துகிட்டு இருக்கும்போது முள்ளு கீழ எறங்கறது கூட உண்டு. அவன் சொல்றது உண்மையா இருக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டு லட்சமா 1.40ஆன்னு பாக்காதீங்க, அது ரெண்டாவது பேச்சு. பிளாக்கும் கிராங்கும் உசுரோட இருக்கான்னு தெரியாம யாரு சொல்ற ரேட்டும் ரேட்டு கிடையாது. பிஸ்டன், ரிங்கு, லைனர், பேரிங் எல்லாம் கடைல காசு குடுத்தா வர்ற சாமான், அது எவ்ளோ கெட்டிருந்தாலும் கவலைப்படாதீங்க.

நீலம் பாஞ்ச கிராங்க்குதான் உங்க கேள்வியே. அந்த எடம் நல்லா சூடாயிருக்குன்னு அர்த்தம். மொதல்ல காந்தம் வச்சு கிராக் டெஸ்ட் பண்ணனும், மயிரிழை வெடிப்பு இருந்தா அதோட கதை முடிஞ்சுது, பழைய இரும்புக்கு போட்டுடுங்க. வெடிப்பு இல்லன்னா பத்து தவ், இருபது தவ்னு (ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) எத்தனைல அரைச்சா சுத்தமாவும்னு பாக்கணும், அரைச்ச பிறகு கடினம் நிக்குதான்னும் பாக்கணும், ஏன்னா சில கிராங்க்ல மேல் தோல்தான் கடினம், அத அரைச்சு எடுத்துட்டு அப்படியே போட்டா பேரிங் சீக்கிரம் திரும்ப வந்து நிக்கும். அப்புறம் ஜர்னல் (கிராங்க்ல பேரிங் உக்கார்ற எடம்) ஓரத்துல வளைவா ஒரு ரேடியஸ் இருக்கும், சில பேரு அவசரத்துல அத நேர் மூலையா அரைச்சுடுவான், கிராங்க் உடையறது அந்த மூலைலதான்.

பிளாக்ல மெயின் பேரிங் போர் நேரா இருக்கான்னு பாக்கணும், சூட்டுல கோணி இருந்தா லைன் போரிங் பண்ணணும். உங்களது வெட் லைனரா (வெளிப்பக்கம் நேரா தண்ணி படுற லைனர்) இருந்தா அது பிளாக் மட்டத்துக்கு மேல துளியூண்டு தூக்கி நிக்கணும், டயல் கேஜ் வச்சு ஆறையும் அளந்து எழுதி வாங்குங்க. அது பதிஞ்சு போயிருந்தா எத்தனை கேஸ்கட் மாத்தினாலும் ஊதும்.

கழட்டின பிளாக், கிராங்க், ஹெட், ஆறு கான்ராடு, இத மட்டும் ஏத்திகிட்டு நல்ல லேத்துக்கு போங்க, எங்கிட்டதான் வரணும்னு இல்ல. அளந்து சொல்ல ஒரு நாள் போதும். அதுக்குள்ள புரோக்கருக்கு அட்வான்ஸ் அனுப்பிடாதீங்க.

டிஎன்31_பேப்பர்_வேலை
பழைய இன்ஜின் போடறதா இருந்தா ஒண்ணு சொல்லணும், இத யாருமே யோசிக்க மாட்டாங்க. ஆர்சில இன்ஜின் நம்பர் இருக்கு. இன்ஜின் மாத்தினா ஆர்டிஓ ஆபீஸ்ல பதிவு பண்ணணும், மோட்டார் வாகன சட்டம் 52ஆவது பிரிவு, மாத்தின 14 நாளுக்குள்ள தெரியப்படுத்தணும். முன்னாடியே அனுமதி வாங்கிட்டு பண்றது நல்லது. விக்கிறவர் கிட்ட பில்லு, அந்த இன்ஜின் எந்த வண்டில இருந்து வந்துச்சோ அதோட பேப்பர், ரெண்டும் கேளுங்க. நம்பர் இருக்கற எடத்துல கிரைண்டிங் மார்க் தெரிஞ்சா கைகூட வைக்காதீங்க, திருட்டு இன்ஜினா இருந்தா நாளைக்கு போலீஸ் உங்க வீட்டுக்குதான் வரும். ரீஃபைனான்ஸ் இருக்குன்னு சொல்றீங்க, கம்பெனிகிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிடுங்க. உங்க வண்டி 8 வருஷம் தாண்டினது, எஃப்சிக்கு (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) வருஷா வருஷம் போகணும், அங்க நம்பர் ஒத்துப்போகலன்னா நிறுத்திடுவாங்க.

ஒரு நல்ல சேதி, சாமானுக்கு 28 சதவீதமா இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர்ல இருந்து 18தான். மெக்கானிக் பழைய பில்ல வச்சு கணக்கு போட்டிருந்தா திரும்ப போடச் சொல்லுங்க.

சங்ககிரி_லைன்
பேப்பர் விஷயம் சரிதான், ஒத்துக்கறேன். ஆனாலும் இன்ஜின தரையிலயே ஸ்டார்ட் பண்ணி காட்ட சொல்லி, ஆயில் மூடிய தொறந்து பொகை எவ்ளோ தள்ளுதுன்னு பாத்து வாங்கினா பெருசா ஏமாற மாட்டோம். அந்த மாதிரி வாங்கி நல்லா ஓட்டுறவங்க எங்க லைன்ல நெறைய பேரு.

ஓடி_டிப்பர்
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து எல்லாத்தையும் டாடா ஏஸ் வண்டில ஏத்திகிட்டு லேத்துக்கு போய்ட்டு வந்தேன். கிராங்க்ல வெடிப்பு இல்ல, இருபது தவ்ல சுத்தமாவும், கடினமும் பரவால்லன்னாங்க. மெயின் போர் நேரா இருக்கு. மூணாவது லைனர் உக்கார்ற எடத்துல மட்டும் லேசா அரிப்பு, அத வெட்டி ஷிம் (மெல்லிசான தகடு) வச்சு சரி பண்ணலாமாம். ஹெட்டுதான் மோசம், ரெண்டு வால்வுக்கு நடுவுல வெடிச்சிருக்கு, வேற ஹெட் போட்டாகணும். மொத்தம் ரெண்டே கால், ரெண்டு முப்பது வரும் போல. புரோக்கர் இன்ஜின ஸ்டார்ட் பண்ணி காட்ட முடியாது, கீழ எறக்கி வச்சாச்சுன்னுட்டாரு, பில்லு கேட்டதுக்கு போனையே எடுக்கல. இதையே கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டோம். இன்னும் நாலஞ்சு வருஷம் இந்த வண்டிய ஓட்டற எண்ணம்தான்.

லேத்_மேட்டுப்பாளையம்
அப்ப ரெண்டு முப்பதோட ஆயில் கூலரையும் சேத்துக்கோங்க. பேரிங் சுத்தினா அந்த பொடி கூலர் உள்ள போய் உக்காந்துக்கும், கழுவினா முழுசா வராது, புது பேரிங் போட்டு ஸ்டார்ட் பண்ணதும் நேரா அதுலதான் வந்து விழும். டர்போவும் அதே ஆயில்தான் குடிக்குது, அதோட ஷாஃப்ட்ல ஆட்டம் இருக்கான்னு பாருங்க. பிளாக்ல ஆயில் போற ஓட்டை எல்லாத்தோட பிளக்கையும் கழட்டி பிரஷ் விட்டு கழுவ சொல்லுங்க, பக்கத்துலயே நின்னு பாருங்க, இந்த ஒரு வேலைலதான் எல்லாரும் கை வச்சுடுவாங்க. கட்டின உடனே ஓவர்லோடு அடிக்காம கொஞ்ச நாள் பாதி லோடு ஓட்டுங்க, மொத ஆயில சீக்கிரமா எறக்கிடுங்க.

பண்ருட்டி_பலா
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், அந்த காந்த டெஸ்ட் ஹெட்டுக்கும் பண்ணுவீங்களா அண்ணா? எங்க சின்ன டீசல் வண்டி ஹெட்டுல தண்ணி கசியுது, அது அலுமினியம் ஹெட்டு.

லேத்_மேட்டுப்பாளையம்
அலுமினியத்துல காந்தம் புடிக்காது தம்பி. அதுக்கு ஓட்டையெல்லாம் அடைச்சு காத்து ஏத்தி சுடுதண்ணில முக்கி பாக்கணும், குமிழி வர்ற எடம்தான் வெடிப்பு. ஞாயித்துக்கிழமை கடை லீவு, மத்த நாள்ல எடுத்துட்டு வா.