சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் இயங்கவில்லை: ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்கிறார்கள்

வேம்பு:

வணக்கம். எங்களுடையது தஞ்சாவூரில் தரைத்தளம் மட்டும் உள்ள பழைய வீடு. சுவருக்குள் குழாய் பதித்து வயரிங் செய்யப்பட்டிருக்கிறது. இணைப்பு சிங்கிள் பேஸ். நேற்று மாலை முதல் பின்னறையிலும் அதை ஒட்டிய சாமான் அறையிலும் மின்விசிறி, டியூப் லைட், பிளக் பாயிண்டுகள் எதுவும் வேலை செய்யவில்லை. கூடமும் சமையலறையும் வழக்கம்போல் இருக்கின்றன. டி.பி. பாக்ஸில் (வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்சு) ஒன்றும் விழவில்லை.

இன்று காலை வந்த எலக்ட்ரீஷியன் பின்னறை சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தபோது இரண்டு துளைகளிலும் விளக்கு எரிந்தது. "இரண்டு பேஸும் கலந்துவிட்டன" என்றார். பிறகு ஒரு 40 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, அதன் ஒரு கம்பியைப் பேஸ் துளையிலும் மற்றதை மேலே உள்ள எர்த் துளையிலும் வைத்தார். உடனே ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) விழுந்து வீட்டுக்கு வரும் மெயின் மின்சாரம் நின்றது. மறுபடி வைத்தபோதும் அப்படியே விழுந்தது. ஆகவே ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது, அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்டுப் பின்னறைக்கு எர்த்திலிருந்து நியூட்ரல் கொடுத்தால் எல்லாம் ஓடும் என்கிறார். அந்த அறையில் படுப்பவர் என் மாமியார். இன்றிரவுக்குள் மின்விசிறி ஓட வேண்டும் என்பதால் சரி சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கருவூரான்:

அவர் சொல்வது சரிதான். எங்கள் வீட்டு மாடியறைக்குப் பல வருடங்களாக எர்த்திலிருந்துதான் நியூட்ரல் எடுத்திருக்கிறோம், ஒரு தொந்தரவும் இல்லை. சுவரை உடைக்க வேண்டிய செலவும் மிச்சம்.

பழைய வயர்மேன்:

வேம்பு அம்மா, தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஆர்.சி.சி.பி. கெடவில்லை; அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

ஆர்.சி.சி.பி. என்பது பேஸ் வழியாகப் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி. வீடுகளில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவுக்கு வித்தியாசம் வந்தால் அது இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். 40 வாட் பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர். அதைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் போன மின்னோட்டம் நியூட்ரல் வழியாகத் திரும்பாமல் மண்ணுக்குப் போகிறது. விழாமல் இருந்திருந்தால்தான் ஆர்.சி.சி.பி.யைச் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சோதனையால் உங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி, பின்னறைக்குப் பேஸும் எர்த்தும் ஒழுங்காக வருகின்றன என்பது.

வராதது நியூட்ரல். டி.பி. பாக்ஸுக்கும் அந்த அறைக்கும் நடுவே எங்கோ கறுப்புக் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது இணைப்பில் கழன்றிருக்கிறது. இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிவதன் காரணமும் இதுவே: அறையில் மின்விசிறிச் சுவிட்சோ விளக்குச் சுவிட்சோ போட்டபடி இருந்தால், பேஸ் அந்தச் சாதனத்தின் உள்ளே புகுந்து நியூட்ரல் கம்பிக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. மின்னோட்டம் இல்லாததால் எம்.சி.பி. விழக் காரணமே இல்லை. ஒன்றும் ஓடவில்லையே என்று யாரும் அந்தக் கம்பியைத் தொட்டுவிடக் கூடாது, ஏனென்றால் அறையின் கறுப்புக் கம்பியிலும் இப்போது பேஸின் மின்னழுத்தம் இருக்கிறது.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். போர்டு எதையும் திறக்க வேண்டாம். சாக்கெட்டின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு டெஸ்டரை வையுங்கள். எர்த் துளை மேலே இருக்கும்படி நேராக நின்று பார்த்தால் வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். வலது அணைந்து இடது எரிந்தால், அறையின் மின்விசிறி, விளக்கு, பிளக் எல்லாவற்றின் சுவிட்சுகளையும் அணையுங்கள். இடதும் அணைந்துவிட்டால் நான் சொன்னதில் ஐயமில்லை. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் ஏ.சி. அளவில் வைத்து, மின்விசிறிச் சுவிட்சைப் போட்ட நிலையில் மூன்று ஜோடிகளையும் அளந்து எழுதுங்கள். டி.பி. பாக்ஸில் ஆர்.சி.சி.பி.யின் மேல் ‘டி’ என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும்.

எர்த்திலிருந்து நியூட்ரல் எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.சி.பி. இருக்கும்வரை ஒரு மின்விசிறியைப் போட்டாலே அது விழுந்துவிடும். அதனால்தான் அவர் அதைக் கழற்றச் சொல்கிறார். கழற்றிவிட்டால் ஓடும், உண்மைதான். ஆனால் கோடையில் எர்த் குழி காய்ந்து அதன் எதிர்ப்பு 20 ஓம் என்று ஆகியிருக்கிறது என்று வையுங்கள். பின்னறையில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் அந்த 20 ஓமின் குறுக்கே 60 வோல்ட்டுக்கு மேல் எழும். எர்த் கம்பி வீடு முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால் பிரிட்ஜின் கதவிலும், வாஷிங் மெஷினின் உடலிலும், ஈரக் கையோடு நீங்கள் தொடும் கிரைண்டரிலும் அதே 60 வோல்ட் இருக்கும். எர்த் கம்பி குழியருகே அறுந்துபோனால் 60 வோல்ட் என்பது 230 ஆகிவிடும், அப்போது துண்டிக்க ஆர்.சி.சி.பி.யும் இருக்காது.

வேம்பு:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். சாக்கெட் சுவிட்சை அணைத்ததும் வலது அணைந்தது, இடது எரிந்துகொண்டே இருந்தது. மின்விசிறி, டியூப் லைட் சுவிட்சுகளை அணைத்த பிறகு இடதும் அணைந்துவிட்டது.

மின்விசிறிச் சுவிட்சும் சாக்கெட் சுவிட்சும் போட்ட நிலையில் மல்டிமீட்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 3 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் 232, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 229. கூடத்தில் இதே வரிசையில் 232, 231, 1. பின்னறையில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாக்கெட் சுவிட்சை மட்டும் போட்டு அளந்தபோது, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 40, 55, 70 என்று எண் நிலைகொள்ளாமல் அலைகிறது. இது ஏன் என்று புரியவில்லை. ‘டி’ பொத்தானை அழுத்தியதும் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்தது.

மூன்றாம்பேஸ்:

அலையும் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். எங்கும் சேராமல் தொங்கும் கம்பியில் பக்கத்துக் கம்பியின் தூண்டலால் சிறிது மின்னழுத்தம் தெரியும். டிஜிட்டல் மீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால் அதையும் காட்டிவிடுகிறது. ஒரு பல்பைச் சேர்த்து அளந்தால் அது காணாமல் போய்விடும்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. வேம்பு அவர்களின் வீடு சிங்கிள் பேஸ் என்பதால் நியூட்ரல் அறுந்தும் சாதனங்கள் இயங்காமல் மட்டும் இருந்தன. மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் மெயின் நியூட்ரல் அறுந்தால் கதை வேறு. ஒரு பேஸின் சாதனங்களும் இன்னொரு பேஸின் சாதனங்களும் வரிசைத் தொடராக மாறி 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும்; சுமை குறைந்த பேஸில் மின்னழுத்தம் 300ஐயும் தாண்டலாம். ஓர் அறையில் விளக்கு கண்கூசும்படி எரிந்து மற்றோர் அறையில் மங்கினால், டெஸ்டரைத் தேடாமல் முதலில் மெயினை அணைத்துவிட வேண்டும். பழுது மீட்டருக்கு முன்னால், கம்பத்திலோ சர்வீஸ் கம்பியிலோ இருந்தால் அது மின்வாரியத்தின் வேலை. அதன் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துப் புகார் பதியலாம்.

பழைய வயர்மேன்:

நல்லது, இனி இடத்தைத் தேட வேண்டியதுதான். சுவரை உடைக்க வேண்டியிருக்கும் என்று பயப்படாதீர்கள். குழாய்க்குள் ஓடும் முழுக் கம்பி தானாக அறுவது அபூர்வம். பழுது பெரும்பாலும் இணைப்புகளில்தான் இருக்கும். நம் பக்கத்து வயரிங்கில் நியூட்ரலை ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப் போட்டுக் கொண்டுபோவார்கள். ஆகவே டி.பி. பாக்ஸிலிருந்து பார்த்தால், கடைசியாக வேலை செய்யும் போர்டுக்கும் முதலில் வேலை செய்யாத போர்டுக்கும் நடுவே பழுது இருக்கிறது. முதலில் திறக்க வேண்டியது வேலை செய்யும் அந்தக் கடைசிப் போர்டை. வந்தவர்கள் எல்லாரும் இருண்ட அறையையே குடைந்துகொண்டிருப்பதால்தான் இது கண்ணில் படாமல் போகிறது.

பின்னறையை ஒட்டிய கூடத்துச் சுவரில் போர்டு இருக்கிறதா? அதில் அதிகச் சுமையுள்ள பொருள் எதையாவது செருகுவதுண்டா? கடந்த சில வாரங்களில் பின்னறை விளக்கு துடித்ததா? வீட்டில் இன்வெர்ட்டர் உண்டா? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரையும் போர்டைத் திறக்க விடாதீர்கள்.

வேம்பு:

ஆம், கூடத்தில் சாப்பாட்டு மேசையருகே ஒரு போர்டு இருக்கிறது. அதிலுள்ள 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் பிளக் வழியாக 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு இணைக்கப்பட்டிருக்கிறது. அடுப்பைப் போடும்போது பின்னறை டியூப் லைட் துடிக்கும் என்று மாமியார் சொல்வதுண்டு. டியூப் தேய்ந்துவிட்டது என்று புதிதாக மாற்றினோம். இன்வெர்ட்டரும் உண்டு, விளக்குகளும் மின்விசிறிகளும் அதில்தான்.

பழைய வயர்மேன்:

அப்படியானால் அந்தப் போர்டுதான். 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர்; 6 ஆம்பியர் சாக்கெட்டின் சிறு திருகு அதைத் தாங்காது. சூடாகித் தளர்ந்து, தளர்ந்ததால் மேலும் சூடாகிக் கம்பி கருகியிருக்கும். பின்னறைக்குப் போகும் நியூட்ரலும் அதே திருகில் லூப் ஆகியிருந்தால் நீங்கள் சொன்ன துடிப்பு, அதன்பின் இருட்டு, எல்லாம் பொருந்துகிறது.

இன்வெர்ட்டரைக் கேட்டதற்குக் காரணம் இது. மெயினை அணைத்ததும் மின்சாரம் போய்விட்டது என்று இன்வெர்ட்டர் நினைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அதே போர்டுகளுக்கு அனுப்பத் தொடங்கும். மெயினை அணைத்துவிட்டேன் என்ற தைரியத்தில் கை வைத்தவர்கள் அடி வாங்குவது இப்படித்தான். மெயினை அணைத்து, இன்வெர்ட்டரின் முன்பக்கச் சுவிட்சையும் அணைத்து, அதன் அவுட்புட்டையும் பிரித்துவிட்டு, பிறகு போர்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பின்னரே திறக்க வேண்டும். அந்த டெஸ்டரையும் மெயினை அணைக்கும் முன் ஓடும் சாக்கெட்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இதை உரிமம் பெற்ற வேறொரு வயர்மேனிடம் கொடுங்கள். வேலை முடியும்வரை அடுப்பை அந்தச் சாக்கெட்டில் செருக வேண்டாம்.

வேம்பு:

வேறொருவர் வந்து பார்த்தார். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொன்னதும் அவரே "அது தெரிந்த வீட்டில் வேலை பார்ப்பது நிம்மதி" என்றார். மேசையருகே உள்ள போர்டைக் கழற்றியபோது சாக்கெட்டின் இடப்பக்கத் திருகு கறுத்து, பிளாஸ்டிக் உருகியிருந்தது. இரண்டு கறுப்புக் கம்பிகள் ஒரே திருகில் இருந்தன. பின்னறைக்குப் போவது கருகி ஒடிந்து பக்கத்தில் கிடந்தது. சூடு ஏறியிருந்த பகுதியை வெட்டிவிட்டு, இரண்டு கம்பிகளையும் கனெக்டரில் சேர்த்து, அங்கிருந்து ஒரு சிறு கம்பியைப் புதிய சாக்கெட்டுக்குக் கொடுத்தார். இப்போது பின்னறையில் 231, 230, 1. ஆர்.சி.சி.பி. இருந்த இடத்திலேயே இருக்கிறது. இண்டக்ஷன் அடுப்புக்குத் தனி லைன் இழுக்க வேண்டும் என்கிறார். எந்த அளவுக் கம்பி என்று சொல்ல முடியுமா?

கருவூரான்:

எங்கள் வீட்டில் எர்த்திலிருந்து எடுத்த நியூட்ரல் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு சந்தேகம்: மாடியில் ஹீட்டர் போட்டிருக்கும்போது கீழே வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. மெஷினில் கோளாறு என்று மெக்கானிக்கை அழைத்திருக்கிறேன். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பழைய வயர்மேன்:

உண்டு தம்பி. மெக்கானிக் வரவேண்டாம், வயர்மேன் வரட்டும். அதுவரை மாடியறையின் எம்.சி.பி.யை அணைத்து வையுங்கள். இன்வெர்ட்டர் லைன் அங்கே போகிறது என்றால் அதையும். நீங்கள் தொட்டது மேலே நான் கணக்குப் போட்டுக் காட்டிய மின்னழுத்தம்தான். குளியலறையில் வெறுங்காலோடு தொட்டால் லேசாக இருக்காது. மாடிக்கு டி.பி. பாக்ஸிலிருந்து முறையான நியூட்ரல் இழுத்த பிறகு ஆர்.சி.சி.பி.யும் வைக்கச் சொல்லுங்கள்.

வேம்பு அம்மா, அடுப்புக்கு டி.பி. பாக்ஸிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட் போதும். பிற்காலத்தில் ஓவனும் அங்கே வரும் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் இழுக்கச் சொல்லுங்கள். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். நியூட்ரலைக் கூடத்து லூப்பிலிருந்து கடன் வாங்க விடாதீர்கள். நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. கையில் மிச்சமிருக்கிறது என்று சிவப்புக் கம்பியை நியூட்ரலாக இழுத்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.