காற்றுத் துப்பாக்கியில் குண்டுகள் சிதறுவது ஏன்?

கேள்வி: வணக்கம். என் 4.5 மி.மீ. ஸ்பிரிங் வகைக் காற்றுத் துப்பாக்கியில், 10 மீட்டர் தூரத்தில் ஒரே இடத்தில் விழுந்த குண்டுகள் இப்போது அட்டை முழுவதும் சிதறுகின்றன. குழலுக்குள் எண்ணெய் விட்டுத் துடைக்கலாமா, குறிபார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்கோப்பையே மாற்ற வேண்டுமா?

பதில் 1: துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, முதலில் குழலைத் தாங்கும் கட்டையின் திருகுகளையும், ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பொருத்தும் மவுண்டின் திருகுகளையும் முடுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியின் உதறலில் அவை தளர்வது வழக்கம்.

பதில் 2: எண்ணெய் வேண்டவே வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் காற்று அழுத்தப்படும் அறைக்குள் கசிந்தால், அழுத்தத்தில் எழும் வெப்பத்தில் பற்றிக்கொள்ளும். குண்டின் வேகம் முறைக்கு முறை மாறுவதுடன், காற்று கசியாமல் அடைக்கும் சீலும் கெடும். புகையும் கருகிய வாடையும் அதன் அறிகுறிகள். உலர்ந்த துணித்துண்டைக் குழலின் பின்புறத்திலிருந்து செலுத்தித் துடைத்தாலே போதும். துடைத்தபின் குண்டுகளின் ஈயம் குழலுக்குள் மீண்டும் மெலிதாகப் படியும்வரை முதல் சில குண்டுகள் விலகிப் போகலாம் என்பதால், உடனே ஸ்கோப்பைத் திருகத் தொடங்கிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: மவுண்டின் பின்திருகுதான் தளர்ந்திருந்தது, ஐயா. முடுக்கியபின் சிதறல் குறைந்துவிட்டது. ஆனால் மேசையில் தாங்கிச் சுடும்போது மட்டும் குண்டு வேறிடத்தில் விழுகிறது.

பதில் 3: குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ஸ்பிரிங் துப்பாக்கி அசையத் தொடங்கிவிடும். மேசையில் தாங்கும்போது அந்த அசைவு மாறிவிடுகிறது. அதனால் மேசையின் மீது நேரடியாக வைக்காமல், இடையே உங்கள் உள்ளங்கையைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இறுக்காமல் தாங்குங்கள்.