மூடிய கண்ணாடி விளக்குக்குள் எல்இடி நிற்கவே மாட்டேன் என்கிறது, எந்த பல்பு போடுவது?

மாடிவீடு:
வணக்கம். இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. விளக்குகள் எல்லாம் முன்பு இருந்தவர்கள் மாட்டிவிட்டுப் போனவை, பார்க்க நன்றாக இருப்பதால் கழற்ற மனம் வரவில்லை, ஆனால் பல்பு வாங்கி மாளவில்லை. கூடத்தில் கூரையோடு ஒட்டிய கண்ணாடிக் கிண்ணம், முழுக்க மூடியது. அதற்குள் 12 வாட்ஸ் எல்இடி இரண்டு போட்டேன், இதுவரை மூன்று போய்விட்டன. பெட்டியில் 15,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறது, ஏழு மாதம் இராப்பகலாக எரித்தால்கூட அவ்வளவு வராதே! படுக்கையறையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற டிம்மர் இருக்கிறது, எல்இடி போட்டதும் விட்டுவிட்டு எரிகிறது. சாப்பாட்டு மேசைக்கு மேலே ஐந்து கை வைத்த தொங்குவிளக்கு, நான் வாங்கிவந்த திருகு பல்பு அதற்குள் நுழையவே இல்லை, ஓட்டை சின்னது. அதில் 'அதிகபட்சம் 40 வாட்ஸ்' என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. அப்படியானால் 40 வாட்ஸ் எல்இடியே போடலாமா? அம்மா அந்த மேசையில் உட்கார்ந்துதான் படிப்பார், வயது 71, வெளிச்சம் போதவில்லை என்று தினமும் சொல்கிறார். அதுதான் எனக்கு முதலில் சரியாக வேண்டும்.

ஒயர்மேன்:
40 வாட்ஸ் எல்இடி வேண்டாம், அது மண்டபத்துக்குப் போடுகிற வெளிச்சம். அந்த ஸ்டிக்கர் குண்டு பல்பு காலத்தது. ஹோல்டரும் ஒயரும் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்காக ஒட்டியது. எல்இடி உண்மையில் இழுக்கிற வாட்ஸ் அந்த 40-க்குள் இருந்தால் போதும், பெட்டியில் '60 வாட்ஸுக்குச் சமம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வெளிச்சத்துக்கு வாட்ஸைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தின் அளவான லூமன் பாருங்கள். பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பு ஏறக்குறைய 450 லூமன், 60 வாட்ஸ் ஏறக்குறைய 800, 100 வாட்ஸ் 1,500-க்கு மேல். உங்கள் தொங்குவிளக்கில் இருப்பது ஈ14, 14 மில்லிமீட்டர் திருகு. நீங்கள் வாங்கியது ஈ27 ஆகத்தான் இருக்கும். மெழுகுவத்தி வடிவத்தில் 470 லூமன் எல்இடி 5 வாட்ஸ் அளவிலேயே கிடைக்கும், ஐந்தும் சேர்ந்தால் 2,350 லூமன், ஒரு மேசைக்குத் தாராளம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பழைய பல்பைக் கையோடு கொண்டுபோங்கள். திருகா, இரண்டு பக்கமும் முளை வைத்து அழுத்தித் திருப்புகிற பி22-ஆ என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

கூடத்து விளக்குதான் உண்மையான பிரச்சினை. எல்இடியில் முன்பக்கம் சூடு குறைவு, அதனால் எல்லோரும் அது சூடாகாது என்று நினைக்கிறார்கள். சூடு முழுக்கக் கழுத்துப் பகுதியில்தான் சேரும். அங்கேதான் வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற டிரைவர் சர்க்யூட் இருக்கிறது, அதிலுள்ள கெபாசிட்டர் சூட்டில் நாளாக நாளாக வற்றிப்போகும். திறந்த ஹோல்டரில் காற்று பட்டு ஆறிவிடும், உங்கள் கிண்ணத்துக்குள் ஆற வழியே இல்லை. பெட்டியில் போட்ட அந்த 15,000 மணி நேரம் திறந்தவெளியில் எரிந்தால்தான். அதனால் மூடிய விளக்குக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே எழுதியிருப்பதாகப் பார்த்து, 12 வாட்ஸுக்குப் பதில் 7 அல்லது 8 போடுங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும், அதை ஒரு மூலையில் நிற்கிற விளக்கு வைத்துச் சரிக்கட்டலாம். கிண்ணத்தில் ஓட்டை போடுவது, மூடியைத் தளர்த்தி வைப்பது எல்லாம் வேண்டாம், ஒருநாள் தலையில் விழும்.

அரைத்தூக்கம்:
டிம்மர் விஷயம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பழைய டிம்மர் மின்னோட்டத்தின் அலையில் ஒரு பகுதியை வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. குண்டு பல்பின் இழை உடனே ஆறாது என்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது. எல்இடி டிரைவருக்கு அந்த வெட்டு அலை ஒத்துக்கொள்ளாது. அதுபோக அந்த டிம்மருக்குக் குறைந்தபட்சம் இத்தனை வாட்ஸ் லோடு வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, ஒற்றை 9 வாட்ஸ் பல்பு அதற்கு எட்டாது. டிம் செய்யக்கூடியது என்று எழுதிய பல்பும், எல்இடிக்கென்று செய்த டிம்மரும் இரண்டும் சேர்ந்து வேண்டும். நான் பல்பை மட்டும் மாற்றி இரண்டு முறை ஏமாந்தேன். டிம்மரை முழுசாகத் திருகி வைத்துவிட்டால் சாதா பல்பு தாங்கும் என்றும் சொல்வார்கள், நம்பாதீர்கள். மங்கலான வெளிச்சம் அவ்வளவாகத் தேவையில்லை என்றால் சாதாரண ஸ்விட்சாகவே மாற்றிவிடுங்கள்.

ஊசிநூல்:
அம்மா படிப்பதற்கு என்றீர்களே, அதனால் எழுதுகிறேன். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன், வெளிச்சம் சரியில்லை என்றால் கருநீல நூலையும் கறுப்பு நூலையும் மாற்றிக் கோத்துவிடுவேன், காலையில் வெயிலில் பார்க்கும்போதுதான் தெரியும், பிரித்துத் தைக்க வேண்டும். அதற்குக் காரணம் லூமன் குறைவு இல்லை, சிஆர்ஐ என்ற அளவு. நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கு 100 வரை மதிப்பெண். சாதாரண எல்இடி 80 இருக்கும், 90-க்கு மேல் தேடி வாங்குங்கள். அப்புறம் கெல்வின், அது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு. 2,700 என்றால் குண்டு பல்பு மாதிரி மஞ்சள், 4,000 நடுத்தரம், 6,500 நீலம் கலந்த வெள்ளை. நிறையப் பேர் வெள்ளைதான் பளிச்சென்று இருக்கும் என்று எல்லா அறைக்கும் 6,500 போட்டுவிடுகிறார்கள். எனக்கு இரவில் அது கண்ணை உறுத்துகிறது. மேசைக்கு 4,000, படுக்கையறைக்கு 2,700 என்பது என் கருத்து. ஒரே விளக்கில் இரண்டு நிறத்தைக் கலக்காதீர்கள். இன்னொன்று, ஐந்து கை விளக்கைவிட அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு தனி மேசை விளக்கு நூறு மடங்கு உதவும். எழுபது வயதுக் கண்ணுக்கு நம்மைவிட அதிக வெளிச்சம் வேண்டும், ஆனால் நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது.

மாடிவீடு:
எல்லோருக்கும் மிக்க நன்றி. ஈ14 ஐந்தும் வாங்கி மாட்டிவிட்டேன், 4,000 கெல்வின். மேசை விளக்கும் வைத்தாயிற்று, அம்மா நேற்று பத்து மணி வரை படித்தார். கூடத்துக்கு 7 வாட்ஸ் போட்டிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம். நடைபாதை விளக்கு ஸ்விட்சை அணைத்த பிறகும் லேசாக மினுங்கிக்கொண்டே இருக்கிறது, பல்பு கெட்டுவிட்டதா?

ஒயர்மேன்:
பல்பு நன்றாகத்தான் இருக்கும். அந்த ஸ்விட்சில் சின்ன இன்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் வழியாகக் கசிகிற துளி மின்சாரமே எல்இடியை மினுக்கப் போதும், அதில் ஆபத்து இல்லை, இன்டிகேட்டர் இல்லாத ஸ்விட்ச் போட்டால் நின்றுவிடும். இன்டிகேட்டர் இல்லை என்றால் சும்மா விடாதீர்கள். பக்கத்து ஒயரிலிருந்து தூண்டப்பட்டும் மினுங்கலாம், ஆனால் ஸ்விட்சை மின்சாரம் வருகிற பேஸ் ஒயரில் கொடுக்காமல், திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரில் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். அப்படி இருந்தால் ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், பல்பு மாற்றும்போது கை பட்டால் ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த பல்பைத் தொடுவதற்கு முன் மெயினையே அணைத்துவிடுங்கள்.