வேளச்சேரில இருந்து தரமணிக்கு சைக்கிள்ல ஆபீஸ் போறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

உப்புமா_வேணாம்:
வயசு 38. போன வாரம் பிளட் டெஸ்ட்ல ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 6.1, சுகர் பார்டர்ல நிக்குதாம். டாக்டர் மாத்திரை எழுதல, தினமும் அரை மணி நேரம் நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாரு. எங்க நடக்குறது, காலைல பொண்ண ஸ்கூல் வேன்ல ஏத்துறதுக்குள்ளயே நாக்கு தள்ளுது. விஜயநகர்ல இருந்து டைடல் பார்க் பக்கம் ஆபீஸ், ஒரு 5 கிலோமீட்டர் இருக்கும், அதுக்கு பைக்ல 25 நிமிஷம் சிக்னல் சிக்னலா நின்னு புகை குடிச்சிட்டு போறேன். சைக்கிள் வாங்கலாமா? வீட்ல "தண்ணி லாரி வர்ற வேகத்துக்கு மொதல்ல இன்சூரன்ஸ் போடுங்க"ங்குறா. எனக்கு வேர்வை தான் பயம், 10 மணிக்கு மீட்டிங்.

பெடல்_பாண்டி:
தலைவா மூணு வருஷமா ஓட்டுறேன். வேர்வைக்கு காரணம் பாதி முதுகுல மாட்டுற பேக் தான், அத கேரியர்ல கட்டுங்க. திங்கக்கிழமையே ரெண்டு சட்டை, ஒரு துண்டு ஆபீஸ் டிராயர்ல போட்டுடுங்க. ரேஸ் மாதிரி மிதிக்காம ஏழரைக்குள்ள கிளம்பிட்டா கத்திரி வெயில்ல கூட சமாளிக்கலாம். பின்னாடி சிவப்பு லைட் கண்டிப்பா வேணும். ஐப்பசில விஜயநகர்ல தண்ணி நின்னா மட்டும் சைக்கிள தொடாதீங்க, மேன்ஹோல் எங்க இருக்குன்னே தெரியாது.

தயிர்சாதம்_டூ:
நான் பப்ளிக் ஹெல்த் படிக்கிறேன் அண்ணா. 1953லயே லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்கள வச்சு ஜெர்ரி மோரிஸ்னு ஒருத்தர் ஆய்வு போட்டாரு. உக்காந்தே ஓட்டுற டிரைவர விட படி ஏறி இறங்குற கண்டக்டருக்கு மாரடைப்பு கம்மி. அப்புறம் 2017ல பிரிட்டன்ல 2.6 லட்சம் பேர் டேட்டா, வேலைக்கு சைக்கிள்ல போனவங்களுக்கு சாகுற ரிஸ்க் 41% குறைவுன்னு வந்துச்சு. சைக்கிள் தான் காரணம்னு அத வச்சு அடிச்சு சொல்ல முடியாது, ஏற்கனவே ஹெல்தியா இருக்குறவங்க தானே மிதிப்பாங்கன்னு கேக்கலாம். ஆனா டபிள்யூஹெச்ஓ சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி, உங்களுக்கு போக வர ஓட்டுனா நாலு நாள்லயே தாண்டிடும், தனியா ஜிம்முக்கு நேரம் தேட வேணாம்.

பறக்கும்ரயில்_அக்கா:
ரோடு பயமா இருந்தா நம்ம ரூட்ட பாருங்க தம்பி. வேளச்சேரில பறக்கும் ரயில் ஏறி, திருவான்மியூர் வரைக்கும் போகாம ஒரு ஸ்டேஷன் முன்னாடி தரமணிலயே இறங்கி நடந்துடுவேன். நடக்குறது கஷ்டம் இல்ல, பிளாட்பாரம் தான் கஷ்டம், பத்தடிக்கு ஒரு பைக் ஏத்தி நிறுத்திருக்கான், டிரான்ஸ்பார்மர் வந்தா ரோட்ல இறங்கணும். இத்தனைக்கும் 2014லயே சென்னைக்கு மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு கொள்கை வந்துச்சு, போக்குவரத்து பட்ஜெட்ல 60% நடக்குறவங்க, சைக்கிள்காரங்களுக்குன்னு. பாண்டி பஜார்ல அகலமா போட்டிருக்காங்க, 2019ல திறந்தது, அங்க நடந்து பாத்தா தான் நாம என்ன மிஸ் பண்றோம்னு புரியும்.

உப்புமா_வேணாம்:
மச்சான் சைக்கிள கடன் வாங்கி ஞாயித்துக்கிழமை ட்ரையல் போனேன். 22 நிமிஷம்! லிங்க் ரோட்ல ரெண்டு நாய் துரத்துனதுல ஒரு நிமிஷம் மிச்சம் ஆயிருக்கும். ஆனா ஆபீஸ் செக்யூரிட்டி "சைக்கிளுக்கு டோக்கன் இல்ல சார், வெளிய விடுங்க"ங்குறாரு. கார் விட ரெண்டு ஃப்ளோர் இருக்கு யா!

பெடல்_பாண்டி:
பேஸ்மெண்ட்ல ஹவுஸ்கீப்பிங் அண்ணனுங்க சைக்கிள் எங்க நிக்குதுன்னு பாருங்க. அங்கயே தூணோட சேத்து பூட்டிடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க.